இரும்பு இல்லாத நட்சத்திரம்

ராத்திரி பதினொன்றரை. பம்பாயில் செம்பூரிலிருந்து டிராம்பே போகிற ரோடு... அறுபத்திரண்டில் அங்கே விளக்குக் கம்பமே நாலோ ஐந்தோதான். ரிஃபைனரியிலிருந்து அழுகின முட்டை வாடை. சந்திரமௌலி தனியாக நடந்துகொண்டிருந்தான், வாய்க்குள்ளே ஆராய்ச்சிக்கூட டைரக்டரைத் திட்டிக்கொண்டு.

யாரும் விளக்கை ஏற்றாதீர்கள். பாகிஸ்தான் யுத்த இருட்டடிப்பு, கீழே வார்டன் விசில் ஊதுவான். நெருங்கி உட்காருங்கள். மாட்டுங்கா மொட்டை மாடியில் இத்தனை நட்சத்திரம் என்றைக்குத் தெரிந்தது? கதையும் நட்சத்திரத்தைப் பற்றித்தான். சந்திரமௌலி வேற்றாள் இல்லை, மூன்றாம் மாடி அனந்தகிருஷ்ணனின் மைத்துனன்.

அவன் வேலை, நட்சத்திர வெளிச்சத்தைப் பட்டையாக விரித்துப் பிடித்த கண்ணாடித் தகடுகளை அளப்பது. பட்டையின் குறுக்கே மயிரிழைக் கோடுகள். இது கால்சியம், இது இரும்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். பகலில் லாரி போனால் மைக்ரோஸ்கோப் ஆடும், அதனால் ராத்திரி வேலை. ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். எழுதியவர் தாராவியிலிருந்து வந்த ஜெயினுலாப்தீன். பல்வலிக்குக் கிராம்பு மென்றுகொண்டே எழுதுவார். சொல்கிறவன் குரல் துளி தயங்கினாலும் பென்சில் நின்றுவிடும்.

“இன்னொருக்கா, சார்.”

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே சந்திரமௌலிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று வருஷமாக ஒரே நட்சத்திரம். சப்-ட்வார்ஃப் என்று ஒரு ஜாதி... அதே நிறத்து மற்ற நட்சத்திரங்களைவிட மங்கல். சூரியனுக்கெல்லாம் மூத்த கிழடு, ஆனால் ஓட்டம் மட்டும் வெறிபிடித்த ஓட்டம். உள்ளே இரும்பு ஏறக்குறையக் கிடையாது. ஏன்? பெரிய நட்சத்திரங்கள் வெடித்துச் செத்து, சாம்பல் சிதறி, அதிலிருந்துதான் அடுத்தவற்றுக்கு இரும்பு வருகிறது. இது பிறந்த காலத்தில் சாவே அவ்வளவாக நடந்திருக்கவில்லை.

குறிப்பிட்ட ஓர் இரும்புக் கோடு இல்லை என்றால், சந்திரமௌலியின் நட்சத்திரம் கண்டதிலேயே மூத்தது. இருந்தால் பத்தோடு பதினொன்று, மூன்று வருஷமும் குப்பை. அட்டவணை திங்கட்கிழமை வராவிட்டால் வேறு வேலை தேடிக்கொள் என்று டைரக்டர் சொல்லியாகிவிட்டது. அவர் இப்படிக் கெடு வைத்ததில் அது நாலாவது திங்கட்கிழமை.

நாற்பது நாள் முன்பு, அந்த இடத்துக்கு வந்தபோது கோடு மாதிரி ஏதோ தெரிந்தது. தூசியா, கோடா... அவன் “இல்லை” என்றான்.

“இன்னொருக்கா, சார்.”

“இல்லைன்னா இல்லை! எழுதும்!”

“குரல் சரியில்லையே சார். இன்னொருக்கா பாத்துச் சொல்லிருங்க.”

“போறும் பாய்! எழுந்து போங்கோ, நானே எழுதிக்கறேன்!”

அவர் பென்சிலை வைத்துவிட்டுப் போனார். ரோட்டில் ஒரு டாங்கர் லாரி... விளக்குப் போடாமல் வந்தது. காலையில்தான் அவரைப் பார்த்தார்கள்.

இப்போது தனியாக ஆராய்ச்சிக்கூடக் கதவைத் திறந்தான். தகட்டை மாட்டினான். திருகு... கிர்... கிர். பழக்க தோஷம், அளவுகளை வாய்விட்டே சொன்னான், தானே எழுதினான். அந்த இடம் வந்தது. போன தடவை மயிரிழை. இப்போது நூல் கனம்.

“இல்லை.”

கிராம்பு வாசனை.

“இன்னொருக்கா, சார்.”

பயத்துக்கு முன்னால் அவனுக்குக் கோபம்தான் வந்தது. செத்தும் விடமாட்டாரா இந்த மனுஷர்! மறுபடி பார்த்தான். கோடு இன்னும் கறுத்திருந்தது. “இல்லை!” “இன்னொருக்கா, சார்.” விடியும்வரை இதே கூத்து. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, அட்டவணையில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினான்.

கட்டுரை அச்சானது. உத்தியோகம் நிலைத்தது. கல்யாணம், சுனாபட்டியில் தனி வீடு. ஆனால் ‘இல்லை’ என்ற வார்த்தையை மட்டும் அவன் அப்புறம் சொன்னதே கிடையாது. தலையாட்டுவான், கையை விரிப்பான். அவன் மனைவி விசாலாக்ஷிக்கோ பெருமை தாங்கவில்லை. வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட இல்லை என்னாமல் ‘நிறைஞ்சிருக்கு’ என்கிற குடும்பம் அவளுடையது. “எங்காத்துக்காரர் வாயில அந்த அமங்கல வார்த்தை வராது” என்று ஊரெல்லாம் சொன்னாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

போன செவ்வாய்க்கிழமை. இருட்டடிப்பு. கதவை யாரோ தட்டினார்கள். சந்திரமௌலி திறந்து பார்த்தான். வெறும் வராந்தா. மூடித் தாழ்ப்பாள் போட்டான்.

“யாருன்னா?” என்றாள் விசாலாக்ஷி உள்ளேயிருந்து.

அசதி. மறந்துவிட்டான்.

“யாரும் இல்லை.”

அப்புறம் அவள் கையில் ஏனத்தோடு கூடத்துக்கு வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. கதவையே பார்த்தாள்.

“வெளியில ஒருத்தர் நிக்கறாரேன்னா... எதையோ இன்னொருக்கா சொல்லச் சொல்றார்.”