இரண்டாவது கைப்பிடி

உங்கள் குழாய் சொட்டுகிறது, ஐயா. வாஷர் தேய்ந்திருக்கும். நாளொன்றுக்கு இரண்டு வாளியாவது வீணாகும். இருபத்தோரு வருஷம் தண்ணீரோடு மாரடித்தவனுக்கு இந்தச் சத்தம் காதைக் குடையும், அவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

பறவைகள் சரணாலயத்தில் நீர்மட்டம் பார்ப்பது என் வேலை. கூடு கட்டிய மரங்களுக்கு அடியில் நாலடித் தண்ணீர் நிற்க வேண்டும். நின்றால்தான் நாய் நெருங்காது. கரையோரம் முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். இருந்தால்தான் பறவைகள் நின்று சின்ன மீனைக் கொத்தும். கணக்குத் தப்பினால் குஞ்சுகள் பட்டினி. மேல் ஏரியிலிருந்து கரைக்கு அடியில் ஒரு பெரிய குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. அதன் ஷட்டரைத் திறப்பதும் மூடுவதும் நான்.

மீன் பக்கம் என் மச்சினன், மனைவியின் தம்பி. சேர்த்துவிட்டதே நான்தான். வாயை மூடச் சொன்னால் மூச்சு முட்டும் ஆள். நல்லவன். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

இந்தப் பருவத்தில் ஒரு சனிக்கிழமை, தண்ணீர் வெளியேறும் கீழ் மதகைத் திறந்துவிட்டு மூடாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். மறதி யாருக்கும் வரும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் மரத்தடியில் வெறும் சேறு. நாய்கள் புகுந்து, தாழ்வான கூடுகளில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மதகை மூடி மறுபடி தண்ணீரை நிரப்பிவிட்டு, நீரில் விழுந்த குஞ்சுகளைப் பெரிய கெளுத்தி மீன்கள் விழுங்கிவிட்டன என்று பதிவேட்டில் எழுதினேன். மேலதிகாரி நம்பினார். கெளுத்தியை ஒழிக்கச் சொல்லி அன்றே உத்தரவு போட்டார்.

மச்சினன் மறுநாளே வலையை எடுத்தான். நாலாம் நாள் மதியம், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் மெதுவாகச் சொன்னான்.

"அத்தான், நாப்பது மீனோட வயித்தக் கிழிச்சுப் பார்த்துட்டேன். நத்தை இருக்கு, சேறு இருக்கு. ஒரு இறகுகூட இல்ல. மதகு தெறந்து கெடந்துச்சு, இல்லையா?"

நான் கை கழுவ எழுந்தேன். அவனும் பின்னாலேயே வந்தான்.

"நீங்களே ஆபீசர்கிட்ட சொல்லிடுங்க. நானும் கூட வர்றேன். மேல் ஏரிக் குழாய்க்குள்ள ஒதுங்குற கெளுத்தியையும் பிடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் வாயத் தெறக்க மாட்டேன்."

அவன் மிரட்டவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் என் மேல் ஒரு புகார் கிடையாது. பயந்தேன், அதை உங்களிடம் மறைக்கவில்லை.

குழாய் வேலைக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஷட்டரை மூடியதும் பெரிய கெளுத்திகள் குழாய்க்குள் போய் ஒதுங்கும். பிடிக்க ஆள் தவழ்ந்து போக வேண்டும். போகிறவன் ஷட்டரின் கைப்பிடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வான். இருப்பது ஒரே கைப்பிடி. அவன் வெளியே வரும்வரை யாராலும் தண்ணீர் விட முடியாது.

அந்த வாரமே பட்டறையில் இன்னொன்று செய்யச் சொன்னேன். பழையது தேய்ந்துவிட்டது என்றேன். பட்டறைக்காரர் அளவு கேட்டார், கொடுத்தேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மச்சினன் இறங்கினான்.

"பேசிக்கிட்டே இருங்க அத்தான், உள்ள கும்மிருட்டு."

பேசிக்கொண்டுதான் இருந்தேன். அவன் அக்காவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்பதைப் பற்றி. அவன் குரல் பாதித் தூரம் போனதும் அளவுகோலைப் பார்த்தேன். மரத்தடியில் மூன்றடிதான் இருந்தது, ஓரடி குறைவு. குஞ்சுகள் என்ன செய்யும்? என் வேலை அதுதானே, ஐயா. புதுக் கைப்பிடியை மாட்டிப் பதினெட்டுச் சுற்று சுற்றினேன்.

பழைய கைப்பிடியால் உள்ளேயிருந்து தட்டினான். ஏழு முறை. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும். குழாயின் மறுபக்கம் அவனுடைய மீன் சாக்குதான் முதலில் வந்தது. அதற்குள் கெளுத்திகள் உயிரோடு இருந்தன.

புதுக் கைப்பிடியை எங்கள் வீட்டு அலமாரியில் கண்டெடுத்து என் மனைவியே உங்களிடம் தந்தாள் என்கிறீர்கள். இருக்கும். தம்பியைத் தூக்கிப் போன நாளிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது வேதனையாகத்தான் இருக்கிறது. நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பசித்த குஞ்சுகளுக்குத் தண்ணீர் விட்டேன். உள்ளே யார் இருந்தாலும் விட்டிருப்பேன்.

பதிவேடா? ஆமாம், என் கையெழுத்துதான். வியாழக்கிழமை, பத்தே முக்கால். நீர்மட்டம் மூன்றடி, ஏறுகிறது.

அதற்குப் பக்கத்துக் கட்டமா? படிக்கிறேன். கூடுகள், இல்லை. பறவைகள், இல்லை. முந்தின நாளும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தின நாளும். அந்த நாய்களுக்குப் பிறகு உயரக் கூடுகளில் இருந்த பறவைகளும் விட்டுப் போய், மரங்கள் காலியாகிவிட்டன, ஐயா. ஒரு குஞ்சுகூட இல்லை.

அந்தக் குழாயை மட்டும் யாராவது இறுக்கி மூடுங்களேன். தட்டிக்கொண்டே இருக்கிறது.