வெளியே வந்தும் எடுக்காத அட்டை

மேடையில் அமர்ந்திருக்கும் நிலைய அலுவலர் அவர்களே, பக்கத்து நிலையங்களிலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளே, பணி ஓய்வு பெற்ற மூத்தவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மகளே, இந்தத் தெருவின் அக்கம்பக்கத்தாரே, கடைசி வரிசையில் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் இன்றைய பணிக் குழுவினரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

வண்டிகள் நிற்கும் கூடத்தில்தான் இந்த அஞ்சலிக் கூட்டத்தை வைத்திருக்கிறோம். வண்டியை வெளியே எடுத்து, சாலையைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருக்கிறோம். தொலைபேசி அடித்தால் கடைசி வரிசை எழுந்து ஓடும். யாரும் தவறாக நினைக்க வேண்டாம். நான் பேசி முடிக்கும்வரை அது அடிக்கக் கூடாதே என்று உள்ளுக்குள் அடித்துக்கொள்கிறது. மைக்கை இப்படி இறுகப் பிடித்திருப்பது அதனால்தான்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மறைந்த நம் முன்னணித் தீயணைப்பு வீரரை மாவீரர் என்றார்கள். நெருப்புக்கு அஞ்சாத நெஞ்சர் என்றார்கள். மன்னிக்க வேண்டும், அவர் அஞ்சுவார். பதினான்கு ஆண்டுகள் அவரோடு வேலை பார்த்தவன் சொல்கிறேன். அவரைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. தனக்காக அல்ல. உள்ளே போனவன் வெளியே வந்து சேரும்வரை அவருக்கு உயிர் இருக்காது. அந்தப் பயத்தில்தான் நாங்கள் இத்தனை பேர் இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்.

அவர் மனைவி, நம் அண்ணி, அவர் இறந்த பதினோரு நாளாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "இனிமே உள்ள போக மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுத்தாரே. அப்புறம் ஏன் போனாரு?" அலுவலரைக் கேட்டார். "அவரோட வீரம்மா அது" என்றார் அலுவலர். சொந்தக்காரர்களைக் கேட்டார். விதி என்றார்கள். மூன்றாம் நாள், நான் தேநீர் டம்ளரை வாங்கிக்கொண்டு நிற்கும்போது என்னைக் கேட்டார். "தெரியல அண்ணி" என்றேன்.

அது பொய். எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினேன். சொல்கிறேன் அண்ணி, சொல்லாமல் இறங்க மாட்டேன். ஆனால் எடுத்த எடுப்பில் எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய வேலை என்ன? அக்கம்பக்கத்தார் பலருக்குத் தெரிந்திருக்காது. புகை அடைத்த கட்டடத்துக்குள் நாங்கள் காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு போவோம். போவதற்கு முன் எங்கள் பெயர் எழுதிய அட்டையை வாசலில் நிற்கும் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைப் பலகையில் மாட்டி, உள்ளே போன நேரத்தையும் காற்று தீரும் நேரத்தையும் பக்கத்தில் குறிப்பார். வெளியே வந்ததும் நேராக அவரிடம் போய் அட்டையைத் திரும்ப வாங்க வேண்டும். பலகையில் அட்டை தொங்கினால் அந்த ஆள் உள்ளே இருக்கிறான் என்று பொருள். விதிமுறை அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு ரசாயனக் கிடங்கில் புகையைக் குடித்து அவருடைய நுரையீரல் கெட்டது. இனி புகைக்குள் போனால் தாங்காது என்றார் மருத்துவர். அண்ணி ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வாக்கு வாங்கினார். அன்று முதல் பலகை அவர் கைக்கு வந்தது. அவர் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டாரா? இல்லை. அதுவரை அந்தப் பலகையைக் கடனே என்று பிடித்துக்கொண்டு நிற்போம். அவர் வந்த பிறகுதான் அதற்கு ஒரு மரியாதை வந்தது.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அட்டெண்டன்ஸ் அண்ணன். எதற்கெடுத்தாலும் எண்ணுவார். பேருந்தில் ஏறினால் எண்ணுவார், சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் எண்ணுவார். அண்ணி ஒருமுறை எங்களிடம் சொன்னார்: "கல்யாணத்துக்குப் போனா, உக்காருறதுக்கு முன்னாடி மண்டபத்துக்கு எத்தனை வாசல்னு சுத்திப் பாத்துட்டு வருவாரு. பொண்ணு மாப்பிள்ளை முகத்தப் பாத்தாரான்னு கேளுங்க, முழிப்பாரு." பக்கத்தில் நின்றவர் கூச்சப்பட்டுக்கொண்டே, "நாலு வாசல். ஒண்ணுல நாற்காலிய அடுக்கி வச்சிருந்தாங்க. எடுக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

சிரித்தோம். நன்றாகச் சிரித்தோம். ஆனால் அந்த ஆஸ்பத்திரித் தீயன்று யார் சிரித்தோம்? இரண்டாம் மாடியில் மின்கசிவு. அந்த வார்டில் இருபத்துமூன்று நோயாளிகள் என்று செவிலியர் பட்டியல் கொடுத்தார். வெளியே கொண்டுவந்து மரத்தடியில் உட்கார வைத்து எண்ணினால் சரியாக இருபத்துமூன்று. கூட்டம் கைதட்டியது. நான் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டேன். அவர் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். ஓர் ஆளிடம் நின்று, "உங்களுக்கு என்ன உடம்புக்கு?" என்று கேட்டார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க, எங்க மாமாவப் பாக்க வந்தேன்" என்றார் அந்த ஆள்.

அப்படியென்றால் ஒருவர் உள்ளே. மறுபடி ஓடினோம். கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு முதியவர் மயங்கிக் கிடந்தார். தலையை எண்ணினால் போதாது, முகத்தையும் பார்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்குத் தோன்றியது?

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என்னை "அவசரம்" என்றுதான் கூப்பிடுவார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே எழுந்து ஓடுகிறவன் நான். வெளியே நின்று எண்ணுவதும் ஒரு வேலையா என்று அவர் காதுபடவே கேட்டிருக்கிறேன். வேலை முடிந்து வெளியே வந்தால் எனக்குத் தொண்டை வறளும். நேராகத் தண்ணீரைத் தேடிப் போவேன். அட்டையைப் பிறகு வாங்கிக்கொள்வேன். இரண்டு முறை என்னைப் பிடித்து நிறுத்தித் திட்டினார். "டேய் அவசரம், தண்ணி எங்கயும் ஓடிப் போயிடாது. எங்கிட்ட மூஞ்சியக் காட்டிட்டு அப்புறம் போய்க் குடி. நீ குடிக்கிற அந்த ரெண்டு நிமிஷம் எனக்கு நீ உள்ள கிடக்குற." நான், "சரிண்ணே, சரிண்ணே" என்றேன். அந்தச் சரிக்கு என்ன மதிப்பு என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

அண்ணி, அன்றைக்குப் பிற்பகல் தீப்பிடித்த மெத்தைக் கிடங்கில் நடந்தது இதுதான்.

இரண்டு இரண்டு பேராக நான்கு பேர் உள்ளே போனோம். மற்ற இருவரும் முதலில் வெளியே வந்துவிட்டார்கள். என் கூட்டாளிக்குக் காற்று குறைந்து எச்சரிக்கை மணி அடித்தது. இருவரும் சேர்ந்துதான் வெளியேற வேண்டும். எனக்குப் பின்பக்கக் கதவு திறந்திருப்பது தெரிந்தது. "நீ முன்னாடி போ, நான் இப்படியே வந்துடறேன்" என்று அவனை அனுப்பினேன். அவன் பலகையிடம் போய், "பின்னாலயே வர்றாண்ணே" என்று சொன்னான். நான் பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். அடுத்த கட்டடத்துச் சுவரோரம் ஒரு குழாய் இருந்தது. முகமூடியையும் தலைக்கவசத்தையும் கழற்றி, வயர்லெஸ்ஸையும் அவற்றோடு கீழே வைத்துவிட்டு, குழாயில் வாய் வைத்துக் குடித்தேன். முகம் கழுவினேன். நிழலாக இருந்தது, உட்கார்ந்தேன்.

முன்வாசலில் என் அட்டை பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் வயர்லெஸ்ஸில் என்னை நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார். அது சுவரோரம் தரையில் கிடந்து கத்தியிருக்கிறது. தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவர் கணக்குப்படி என் காற்று தீர இன்னும் சில நிமிடங்களே இருந்தன. வெளியே இருந்த மூவரின் சிலிண்டரும் காலி. உதவி வண்டி போக்குவரத்தில் மாட்டிக்கொண்டது. நிரம்பிய சிலிண்டர் ஒன்றே ஒன்று இருந்தது. "நான் போறேண்ணே" என்று ஒருவன் கையை நீட்டியிருக்கிறான். அவன் அப்போதுதான் வெளியே வந்து வாந்தி எடுத்திருந்தான். அவனைத் தள்ளிவிட்டுத் தானே மாட்டிக்கொண்டார். பலகையை ஓட்டுநர் அண்ணன் கையில் கொடுத்தார். தன் அட்டையை எடுத்து, நேரத்தைக் குறித்து, என் அட்டைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்வாசலுக்கு நடந்து வந்தேன். ஓடி வரவில்லை, நடந்து வந்தேன். என்னைப் பார்த்த ஓட்டுநர் அண்ணனின் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே இரும்பு அலமாரி வரிசை சரிந்த சத்தம் கேட்டது.

அண்ணி, உங்களுக்குக் கொடுத்த வாக்கை அவர் வீரத்துக்காக மீறவில்லை. விதியாலும் மீறவில்லை. நான் உள்ளே இருக்கிறேன் என்று நம்பினார். நான் உள்ளே இல்லை. நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அலுவலர் அய்யா, நீங்கள் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டுவது தெரிகிறது. இன்று காலை இதையெல்லாம் உங்களிடம் எழுதிக் கொடுத்தபோது, "விசாரணையில சொல்லிக்கலாம்ப்பா. இன்னிக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டு இறங்கு" என்று என் நல்லதுக்குத்தான் சொன்னீர்கள். ஆனால் அய்யா, கேள்வி கேட்டவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். விசாரணை அறைக்குள் அவரை யார் விடுவார்கள்? எனக்கு என்ன தண்டனை வந்தாலும் வரட்டும்.

பதினோரு நாளாக நான் நானாக இல்லை. வீட்டில் பிள்ளைகள் குளியலறையில் இரண்டு நிமிடம் கூடுதலாக இருந்தால் கதவைத் தட்டுகிறேன். இந்த மேடையில் உட்கார்ந்திருந்தபோது உங்களை மூன்று தடவை எண்ணிவிட்டேன். கடைசி வரிசைத் தோழர்களே, போன செவ்வாய்க்கிழமை பெயின்ட் கடைத் தீயில் உங்களில் இருவர் வெளியே வந்து, கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசிக்கொண்டு நின்றீர்கள். பலகையில் இரண்டு அட்டைகள் தொங்கின. நான் வெறி பிடித்தவன்போலக் கத்தினேன். "என்னடா ஆச்சு இவனுக்கு" என்று கேட்டீர்கள். ஆனது இதுதான்.

அந்தப் பலகையை என்னிடம் தாருங்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். தருவதும் தராததும் துறையின் முடிவு. உங்கள் அட்டையை என் கையில் கொடுக்க உங்களுக்கு மனம் வருமா? வராவிட்டால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கே என்மேல் நம்பிக்கை வரவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் இந்த அவையில் உறுதி சொல்கிறேன். பலகை யார் கையில் இருந்தாலும், வெளியே வருகிற ஒவ்வொருவனையும் சட்டையைப் பிடித்து அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். திட்டுங்கள், கேலிப் பெயர் வையுங்கள். அவர் எங்களுக்காகப் பட்ட பயத்தை இனி நான் படுகிறேன். அவருக்குத் தலை வணங்கி, உங்கள் பொறுமைக்கு நன்றி சொல்லி, இறங்குகிறேன்.

என்ன அண்ணி? நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். நான் கீழே வருகிறேன்.

அண்ணியிடம் மைக் இல்லை. பின்னால் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். "நீ வெளிய வந்துட்டேன்னு அவருக்குத் தெரியுமா? இல்ல, உன்னைத் தேடிக்கிட்டே போயிட்டாரா?" என்று கேட்கிறார்.

தெரியும் அண்ணி. நான் பலகைக்கு வந்ததுமே ஓட்டுநர் அண்ணன் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். "அண்ணே, அவசரம் வெளிய வந்துட்டான். நீங்க வாங்க." பிறகு, "நல்லாப் பாத்தியா? அவன்தானா?" என்று கேட்டார். "எம் பக்கத்துலதாண்ணே நிக்கிறான்." "அடி கிடி பட்டிருக்கா?" "இல்லண்ணே." மூச்சு வாங்குவது கேட்டது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "சரி, அப்ப நான் வர்றேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சரிந்த அலமாரிகளுக்கு அடியிலிருந்து அவரைத் தேடி எடுத்தவர்களில் நானும் ஒருவன். அவர் வாசலைப் பார்த்துத்தான் கிடந்தார், அண்ணி. எண்ணிப் பார்த்தேன், வாசலுக்கு இன்னும் ஆறே எட்டு வைத்தால் போதும். சொன்னதும் திரும்பிவிட்டார். உங்களிடம்தான் வந்துகொண்டிருந்தார்.