எரர் மெசேஜில் ஒரு போன் நம்பர்

சோழவந்தானிலிருந்து மதுரைக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த இளைஞன் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னான்: "எரர் மெசேஜுல போயி யாராச்சும் சொந்த போன் நம்பரைப் போடுவாகளாண்ணே?"

பால் டிப்போக்களின் எடை மெஷினுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதியவர் பெரியவர்தானாம். இப்போது ஓய்வு; அந்த வேலையை இளைஞன் பார்க்கிறான். மெஷின் ஏதாவது ஃபைலைத் திறக்க முடியாமல் நின்றால், திரையில் "முடியவில்லை" என்ற சொல்லும் அவருடைய நம்பரும் மட்டும் வரும். காரணம் வராது. நான் வேலை பார்த்த அரசாங்க ஆபீஸில் நாங்களும் காரணம் எழுதியதில்லை, நம்பரும் கொடுத்ததில்லை.

"நான் மாத்திட்டேன்ணே. எந்த ஃபைலு, ஏன் திறக்கலன்னு சிஸ்டம் சொல்ற காரணத்தை அப்படியே காட்டும். டிஸ்க் நெறஞ்சிருச்சா, அனுமதி இல்லையான்னு அவுகளே பாத்துக்கிருவாக."

"காரணத்தை உடனே எடுத்து வச்சிட்டியா? நடுவுல வேற வேலை ஓடுனா, அது மேல வேற காரணம் வந்து உக்காந்துக்கிரும்."

"வச்சிட்டேன்ணே. இனி ஒரு பய உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டான்."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அலங்காநல்லூர் டிப்போவுல ஒரு பொண்ணு காலையில கூப்பிடும். மெஷின் சரியானதும், 'சாப்பிட்டீகளா சார்'னு கேக்கும். எங்க வீட்டம்மா போன பெறகு, அப்படிக் கேக்குறது அந்தப் பொண்ணு ஒண்ணுதான்."

இளைஞன் அவர் பக்கம் குனிந்தான்.

"காரணத்துக்குக் கீழ உங்க நம்பரும் இருக்கட்டுமாண்ணே?"

"வேணாம் தம்பி. அம்புட்டும் தெளிவா எழுதுன பெறகு யாரு கூப்பிடப் போறா?"