கடைத்தெருவில் நெல்

ஜன்னத்: அங்க மிதிக்காதீங்க... அது வீரையண்ணன் வீட்டு அடுப்படி.

ஜெக்கரியா: அடுப்படியா? ஹால்னுல்ல சொன்ன?

ஜன்னத்: ஹால் உங்களுக்குப் பின்னாடி. செருப்போட அடுப்படியில நிக்கறீங்க. வள்ளியம்மை அண்ணி பார்த்தா என்ன சொல்லுவாங்க?

ஜெக்கரியா: அது ஒண்ணும் சொல்லாது. காபி சாப்பிடறீங்களா பாய்னு கேக்கும்.

ஜன்னத்: வாங்கிக்கோங்க. டவரா சுடும், பார்த்து.

ஜெக்கரியா: ...நல்லாருக்கு. சர்க்கரைதான் தூக்கல்.

ஜன்னத்: போதும், யாராச்சும் பார்க்கப்போறாங்க. சும்மா கல்லு நட்டுக் கெடக்குற தரையில நின்னு காபி குடிக்கிற ஆள் உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான்.

ஜெக்கரியா: ஊத்திக் கொடுத்தது யாரு?

ஜன்னத்: நான்தான். அதுக்கென்ன இப்ப?

ஜெக்கரியா: நாளைக்கு ஒரு நாள் போகட்டும், ஜன்னத். நகராட்சி ஆளுங்களும் வேளாண்மை ஆபீசரும் ஒண்ணா வந்து பார்த்துட்டுப் போயிட்டா முடிஞ்சுது. அப்புறம் இது அடுப்படிதான். நெசமான அடுப்படி.

ஜன்னத்: இன்னும் என்ன பார்க்கறாங்களாம்? ரோட்டுக்கு எடத்தை எழுதிக் கொடுத்தாச்சு. பூங்காவுக்கும் எழுதிக் கொடுத்தாச்சு.

ஜெக்கரியா: நஞ்சை நெலம்ல. மூணு வருசமா வெள்ளாமை பண்ணலைன்னு கண்ணால பார்க்கணுமாம். ஒரு பச்சை நிக்கக்கூடாது. நின்னா அப்ரூவல் கெடையாது. மறுபடி மூணு வருசம் தரிசாப் போடணும்.

ஜன்னத்: இங்க என்ன நிக்குது, கொக்குதான் நிக்குது. வாங்க, என் கடைக்குப் போவோம். ரெண்டு மாசமாச்சு பார்த்து.

ஜெக்கரியா: உன் மகளைச் சொல்லு. வா அத்தா, வா அத்தான்னு கூப்பிட்டா. மெட்ராஸ் போன எடத்துல என் முட்டியைக் காட்டி ஆஸ்பத்திரியில படுக்கவச்சுட்டா.

ஜன்னத்: மெதுவா நடங்க. இது என்ன ரோடு?

ஜெக்கரியா: முப்பதடி ரோடு. முதல் கட்டம் இதோட முடியுது. இந்தாண்டை பூரா வீட்டு மனை. அந்த வரப்பைத் தாண்டினா ரெண்டாம் கட்டம், கடைத்தெரு. கீழ கடை, மேல வீடு. அதுக்கும் அந்தாண்டை, பின்னாடி ஒரு நாள் மூணாம் கட்டம்... கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி.

ஜன்னத்: சாயங்காலமானா தெரு வெளக்கெல்லாம் எரியும்ல?

ஜெக்கரியா: எரியும். கும்பகோணம் டவுன் பஸ்ஸு உன் கடை வாசல்ல நின்னுட்டுப் போகும். கண்டக்டர் எறங்கி, சட்டைப் பித்தான் அறுந்துடுச்சு அக்கான்னு வந்து நிப்பான்.

ஜன்னத்: பித்தானுக்குக் காசு வாங்க மாட்டேன்.

ஜெக்கரியா: அப்படியே கடை வெளங்கிடும்!

ஜன்னத்: வெளங்கும். நீங்க சவூதியில, தமாம்ல ஊரான் கடையில நின்னீங்க. நான் வாடகை வீட்டுப் பின்கட்டுல மிஷின் மிதிச்சேன். ஒரு நாளாவது தெருவைப் பார்த்து உக்காந்து தைக்கணுங்க எனக்கு. அவ்ளோதான்.

ஜெக்கரியா: அதுக்குத்தானே இவ்ளோவும். முதல் கட்டத்தை மட்டும் தனியாப் போடுங்க, சீக்கிரம் முடியும்னு நகராட்சியில சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன். கடைத்தெருவும் சேர்ந்துதான் வரணும்னு...

ஜன்னத்: அது என்னங்க... அங்க?

ஜெக்கரியா: எங்க?

ஜன்னத்: என் கடையில.

ஜெக்கரியா: புல்லு. மழை பேஞ்சுதுல்ல.

ஜன்னத்: புல்லு அப்படி அசையாதுங்க.

ஜெக்கரியா: ...யா அல்லா. நெல்லு!

ஜன்னத்: நெல்லா?

ஜெக்கரியா: நெல்லுதான். இடுப்பு ஒசரம் நிக்குது! யாரு பண்ணின வேலை இது? விடிஞ்சா ஆபீசர் வர்றாரு... வீரையா! ஏய், வீரையா!

வீரையன்: வந்துட்டேன், பாய். மோட்டார் கொட்டாயில இருந்தேன். எப்ப வந்தீங்க? முட்டி எப்படி இருக்கு?

ஜெக்கரியா: முட்டி கெடக்கட்டும். இது என்ன?

வீரையன்: ...பயிரு.

ஜெக்கரியா: பயிருன்னு எனக்கும் தெரியுது. உன்னைக் காவலுக்கு வச்சா நீ வெள்ளாமை பார்க்கறியா?

வீரையன்: நான் வெதைக்கல, பாய்.

ஜெக்கரியா: பின்ன, கொக்கு வெதச்சுதா? உங்க அப்பாவும் எங்க அத்தாவும் இந்த நெலத்துக்காகக் கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சாங்க. எத்தனை ஆட்சி மாறிச்சு, அந்தக் கேசு முடியல. நாம ரெண்டு பேரும் ஒரு டீக்கடையில உக்காந்து முடிச்சோம். நீ குத்தகையை விட்டுக்கொடுத்த, நான் மூலை மனையைத் தர்றேன்னேன். இப்ப இப்படிப் பண்ணினா என்ன அர்த்தம்?

வீரையன்: அப்ரூவல் வரலைன்னா எனக்கும்தானே மனை இல்ல. குத்தகையும் போச்சு. நான் ஏன் பாய் இதைச் செய்யப்போறேன்?

ஜன்னத்: அண்ணன் சொல்றது சரிதானேங்க.

ஜெக்கரியா: நீ சும்மா இரு, ஜன்னத். வீரையா, நல்லக்கண்ணுக்குப் போன் போடு. டிராக்டரை எடுத்துக்கிட்டு வரச்சொல்லு. இருட்டறதுக்குள்ள மடக்கி உழுதுடணும்.

வீரையன்: பாய்... கதிரு தொண்டைக்கு வந்துடுச்சு. இன்னிக்கோ நாளைக்கோ வெளிய தள்ளிடும். இதைப் போயி...

ஜெக்கரியா: போடுன்னா போடு.

வீரையன்: ...அலோ, நல்லக்கண்ணா? பாயோட மனைக்கட்டுக்கு வண்டியைக் கொண்டாப்பா. ...உழவுதான். ...எதுக்கா? வா, வந்து பாரு.

ஜெக்கரியா: என்ன சொன்னான்?

வீரையன்: கெளம்பிட்டானாம். பக்கத்துலதான் இருக்கான்.

ஜெக்கரியா: சரி, இப்ப சொல்லு. நீ வெதைக்கல. மொளைச்சதை என்கிட்ட ஏன் சொல்லல? இத்தனை நாள் பார்த்துக்கிட்டுத்தானே இருந்த?

வீரையன்: நீங்கதான் வெதச்சீங்கன்னு நெனச்சேன்.

ஜெக்கரியா: நானா!

வீரையன்: ஆமா. மனசு மாறிட்டீங்க, வாய்விட்டுச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மெட்ராஸ் போயிட்டீங்கன்னு நெனச்சுட்டேன்.

ஜெக்கரியா: நல்லா நெனச்ச போ. தண்ணி? தண்ணி இல்லாம இவ்ளோ வளருமா?

வீரையன்: ...மடையைத் தொறந்தது நான்தான்.

ஜெக்கரியா: உன் மனையும்ல சேர்ந்து போகும்? அது தெரியாதா உனக்கு?

வீரையன்: தெரியும். வள்ளியம்மையும் தெனம் திட்டுச்சு. என் வீட்டுல மண்ணை அள்ளிப் போடறியான்னு. நாளைக்கு அடைச்சுடறேன், நாளைக்கு அடைச்சுடறேன்னுதான் சொன்னேன். வாய்க்கால்ல தண்ணி போகுது, பக்கத்துல பயிரு வாடிக்கிட்டு நிக்குது. கை வரல, பாய். திட்டணும்னா திட்டுங்க.

ஜெக்கரியா: திட்டி என்ன ஆகப்போகுது? வெதச்சவன் எவன்னு தெரியணும் எனக்கு. நமக்கு ஆகாதவன் எவனோ...

ஜன்னத்: ஆகாதவன் இல்லங்க.

ஜெக்கரியா: என்ன?

ஜன்னத்: ஆகாதவ. நான்தான்.

ஜெக்கரியா: வெளையாடாத, ஜன்னத்.

ஜன்னத்: வெளையாடல. மெட்ராஸ் கெளம்பறதுக்கு முந்தின நாள் வீட்டை ஒதுக்கினேன்ல? பரண்ல வெத நெல்லுப் பானை இருந்துச்சு. கடைசி அறுப்புல எடுத்துவச்சது. மூணு வருசமாச்சு, இனிமே எதுக்கு, மனை போடற வீட்டுல வெத நெல்லு எதுக்குன்னு நெனச்சேன். அரிசியாக் குத்தித் திங்க மனசு வரல. குப்பையில கொட்டவும் மனசு வரல...

ஜெக்கரியா: அதனால?

ஜன்னத்: ஆட்டோவுல எடுத்துக்கிட்டு வந்து... எங்கேயோ கொட்டறதுக்கு என் கடையிலேயே கொட்டுவோம்னு. கொட்டினா குவியலாக் கெடக்குதேன்னு ஒரு கை அள்ளி வீசினேன். அப்படியே வீசிக்கிட்டே போயிட்டேன். கனவு மாதிரி இருந்துச்சுங்க. இங்கதான் மிஷின், இங்கதான் கண்ணாடி அலமாரின்னு சொல்லிக்கிட்டே வீசினேன்.

ஜெக்கரியா: அறிவிருக்கா உனக்கு? வயல்ல நெல்லை வீசினா மொளைக்கும்னு தெரியாதா?

ஜன்னத்: மொளைக்காதுன்னுதானே வீசினேன்! மூணு வருசத்து நெல்லுங்க. செத்துப்போயிருக்கும்ல?

வீரையன்: தங்கச்சி சொல்றது நெசம்தான், பாய். மண்பானையில மூணு வருசம் கெடந்த நெல்லு மொளைக்காது. ஒண்ணு ரெண்டு வேணா எந்திரிக்கும். இப்படி ஒண்ணு பாக்கியில்லாம எந்திரிக்காது.

ஜன்னத்: அதான் எனக்கும் வெளங்கல.

வீரையன்: பானை மாறிப்போச்சா, தங்கச்சி?

ஜன்னத்: வீட்டுல ஒரே பானைதான், அண்ணே. ஆனா ஒண்ணு... வாயைக் கட்டியிருந்த துணியை அவுக்கவே முடியல. கத்திரியால வெட்டினேன். நான் அப்படி முடிச்சுப் போட மாட்டேன்.

வீரையன்: அதோ, வண்டி வெளிச்சம் தெரியுது. பாய்... என்ன சொல்லட்டும்?

ஜெக்கரியா: ...

வீரையன்: பாய்?

ஜன்னத்: அவரை ஏன் கேக்கறீங்க, அண்ணே? என் கடைக்குள்ளதானே மொளைச்சிருக்கு? ரோட்டுலேயே நிறுத்தச் சொல்லுங்க.

ஜெக்கரியா: ஜன்னத்... யோசிச்சுப் பேசு.

ஜன்னத்: யோசிச்சாச்சு. ரெண்டாம் கட்டத்தை மனுவுலேர்ந்து எடுத்துடுங்க. நாளைக்கு முதல் கட்டத்தை மட்டும் காட்டுங்க. வீரையண்ணன் வீடு கட்டட்டும். இது வயலாவே இருந்துட்டுப் போகுது.

ஜெக்கரியா: இன்னும் மூணு வருசம், புள்ள. அதுக்குள்ள எந்த ஆட்சியோ, எந்த சட்டமோ... கடை வராமலே போனாலும் போயிடும்.

ஜன்னத்: தெரியும். வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. அழுகை வருது. ஆனா கதிரு தொண்டையில நிக்கறப்ப அதுமேல டிராக்டரை விட்டுட்டு, அந்த எடத்துல உக்காந்து நான் எப்படிங்க தைப்பேன்?

வீரையன்: ...நல்லக்கண்ணா! அங்கேயே நிப்பாட்டுப்பா! ...ஆமா, உழவு இல்ல! வெளக்கை அணைச்சுட்டு எறங்கி வா, கதிரு வர்ற நேரம், வெளிச்சம் படக்கூடாது!

ஜன்னத்: தீபாவளிக்கு அறுத்துடலாமா, அண்ணே?

வீரையன்: தாராளமா. பாதி நெல்லு உங்களுக்கு, பாதி வள்ளியம்மைக்கு. அப்பத்தான் அது என்னை வீட்டுக்குள்ள விடும்.

ஜன்னத்: சரி, நீங்க ஏன் ஊமையாயிட்டீங்க? ஏங்க, இங்க என்னைப் பாருங்க. செத்த நெல்லு எப்படி மொளைக்கும்? அந்த முடிச்சை யாரு போட்டது?

ஜெக்கரியா: ...தமாம்ல சரக்கு மூட்டைக்கு நான் போடற முடிச்சு அது. தை மாசம் வந்தா நீ இல்லாத நேரமாப் பார்த்து, பழசைக் கோழிக்குப் போட்டுட்டு, நன்னிலத்துலேர்ந்து புது வெதை வாங்கியாந்து மாத்தி வச்சேன். ஒவ்வொரு தையும்... செத்த நெல்லை வீட்டுல வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் வரல, ஜன்னத்.