நான்கு மூலையிலும் சேஃப்

அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று மணத்திலேயே சொல்லிவிடுவேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் சுவர் ஒன்று, வீடு இரண்டு. காது கேட்பது என் குற்றமா ஃபாதர்? இது பாவசங்கீர்த்தனம் இல்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு லிஜிக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை வருவதாக இருந்தது. அன்று பதினொரு மணிக்கு நேர்காணல்; லேப்டாப்பில்தான் வரவேண்டுமாம், போன் ஆகாதாம். காலையில் பார்த்தால் அது தொடங்கித் தொடங்கி நின்றது. தேவிகுளத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு வருடம் இருந்தவள் நான். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

சேஃப் மோடில் திறந்தேன். அதில் அத்தியாவசியமானது மட்டும் ஓடும், நெட் ஓடாது. கோளாறை நீக்கிவிட்டு மறுபடி சாதாரணமாகத் திறக்க வேண்டும். முந்தின நாள் லிஜி ஏற்றிய ஏதோ ஒன்றுதான் கோளாறு. ஐந்தே நிமிடத்தில் நீக்கினேன்.

அப்போது அவள் அம்மா கத்தரீனாள் எட்டிப் பார்த்தாள். கறுத்த திரையின் நான்கு மூலையிலும் ‘சேஃப் மோடு’.

“பாத்தீங்களா மைனி, வீடு மந்திரிக்கையில ஃபாதரு நாலு மூலைக்கும் தீர்த்தம் தெளிப்பாருல்லா, அதே மாதிரி. எம் பிள்ளைக்குக் காவலு.” சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஆமா மைனி. அணைச்சிராதீங்க, காவலு போயிரும்,” என்றேன்.

ஒரு தடவை அணைத்துத் திறந்திருந்தால் போதும். தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

பத்தே முக்காலுக்கு லிஜி, “அத்தை, நெட்டு வரலியே” என்றாள்.

“டவரு போயிருக்கும்டி. மேல ரோட்டுக்கு ஓடு.”

மழையில் லேப்டாப்பைத் துப்பட்டாவில் பொதிந்துகொண்டு ஓடினாள். குடையோடு கத்தரீனாள் பின்னால். நான் தேநீர் போட்டுக் குடித்து முடிக்கையில் மணி பதினொன்றரை.

கத்தரீனாள் அந்த மாதம் ரிட்டையர். குடும்பத்தில் ஒருவர் எஸ்டேட்டில் பேர் பதிந்தால்தான் வீடு தங்கும். இப்போது லிஜி கொழுந்து கிள்ளுகிறாள், என் ஜன்னலுக்கு நேரே உள்ள மலையில். படித்த விரல்தானே, கொஞ்சம் வெட்டுப்படும்.

வருத்தப்படச் சொல்கிறீர்கள். எதற்கு? என் மகள் சோனா வெளிநாடு போய் நான்கு வருடம். கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு போன் இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கத்தரீனாளுக்கு அந்தக் கதி வரக் கூடாது, அவ்வளவுதான். தினமும் வேலை விட்டதும் லிஜி என் வீட்டில்தான் தேநீர் குடிக்கிறாள்.

நேற்று அவளை நான் ‘சோனா’ என்று கூப்பிட்டேனாம். அவள்தான் சொல்கிறாள். நான் கூப்பிடவில்லை.