தேசிக்காயோடு கஸ்டம்ஸுக்கு

தெல்தெனிய பஸ்ஸில் வந்த நான், இறங்க வேண்டிய திகனயில் இறங்காமல் விட்டதற்கு முன் சீட்டுப் பெண்கள் இருவரின் பேச்சுதான் காரணம்.

"கஸ்டம்ஸுக்குத் தேசிக்காயோட போனவ நான் ஒருத்திதான்," என்றார் மூத்தவர்.

"எதுக்குக்கா?"

"எங்க பெயின்ட் கம்பெனிக்கு வெளிநாட்டுல இருந்து வந்த சுண்ணாம்புக் கல்ல, டொலமைட்டுன்னு சொல்லி வேற வரி நம்பர்ல போட்டு மறிச்சுட்டாங்க. முதலாளி சொல்லியும் கேக்கல."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"கம்பெனிக்கு வர முந்தி திகனயில இருபது வருஷம் டொலமைட் கல்லு உடைச்சவ நான். திகனக் கல்லு ஒண்ணையும் வந்த கல்லையும் மேசையில வச்சு தேசிக்காய்ப் புளியப் புழிஞ்சேன். சுண்ணாம்புக் கல்லுதான் புளி பட்டாப் பொங்கும். திகனக் கல்லு சும்மா கெடந்துச்சு. வந்த கல்லு நுரைச்சுப் பொங்கிருச்சு. பொறகு லேப் ரிப்போர்ட்டும் சுண்ணாம்புக் கல்லுன்னுதான் சொல்லிச்சு."

"ஆபீசர் ஒண்ணும் சொல்லலையா?"

"அதுவரைக்கும் என்னைய நிக்க வச்சே பேசினவரு, எழும்பி, நான் உக்காரத் தன்னோட கதிரையத் தள்ளிக் குடுத்தாரு."