திரைக்கு அப்பால் கேட்ட நெஞ்சொலி

ஆம்பூர் தர்ம வைத்தியசாலையின் டாக்டர் ஞானமுத்து அவர்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், உடன் உழைத்தோர் ஒருமனதாய் வாசித்தளிக்கும் மடல்.

கனிவின் உறைவிடமே! கடமையில் களைப்பறியாக் காவலரே! கைராசிக்காரர் என்று ஊர் புகழும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கும் எங்கள் பெருந்தகையே!

காலரா வந்த கோடையில் தாங்கள் வீடு திரும்பாததையும், தோல் பதனிடும் கிடங்குகளின் சுண்ணாம்புக் குழியில் வெந்துபோன தொழிலாளர் கைகளைத் தங்கள் கையாலேயே கழுவியதையும் ஊர் அறியும். ஊர் அறியாத ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்று நம் நர்ஸ் சவுரியம்மாள் கேட்டார். தாங்கள் தடுப்பீர்கள் என்பதால் தங்களுக்குக் காட்டாமலும், அதில் வரும் நோயாளி மஹ்பூபியின் சம்மதம் பெற்றும் எழுதுகிறோம்.

பிற ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்களுக்கு நம்மிடம் ஒரு நடைமுறை உண்டு. நோயாளி திரைக்கு அப்பால், தாங்கள் இப்பால். ஸ்டெதாஸ்கோப்பின் நீண்ட ரப்பர்க் குழாய் திரையின் பிளவு வழியே போகும். கேட்கும் காது தங்களுடையது. குழாயின் முனையை வைக்கும் கை சவுரியம்மாளுடையது.

தோல் கிடங்கில் வேலை செய்யும் வாஹித் பாஷாவின் மனைவி மஹ்பூபி மூச்சிரைப்போடு வந்தாள். சவுரியம்மாள் வழக்கம்போல் முனையைக் கழுத்தெலும்புக்குக் கீழே, துணியின்மேல் வைத்தார்.

"எங்கம்மா வெச்சிருக்கே?" என்றீர்கள்.

"நெஞ்சுலதாங்க ஐயா."

இதயம் தெளிவாகப் பேசும் இடம் வேறு என்று பயிற்சியில் அவரும் படித்தவர்தான். அதன் பெயர் ஓர் ஆணிடம் சொல்ல வாய் வராத பெயர். பெண்களின் மானத்தைக் காப்பதாக அவர் நம்பியிருந்தார். வெறும் இழுப்பு நோய் என்று எண்ணி, மஹ்பூபிக்கு அதற்கான மருந்து கொடுக்கப்பட்டது. மாதக்கணக்கில் அதையே குடித்தாள்.

மறுபடி வந்தபோது மாமியாரும் வந்தார். "ரெண்டு குடம் தண்ணி எடுக்கறதுக்குள்ள குந்திக்கிறா டாக்டர் சாப். ஒரே பேஜாரு. அவ அம்மா வூட்டுக்கே அனுப்பிட்டு, பையனுக்கு வேற எடம் பாக்கப் போறோம்."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திரை தரைவரை எட்டாது. அதன் அடியில் மஹ்பூபியின் பாதங்கள் வீங்கி, கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது.

"சவுரியம்மா, முனைய எங்க வெச்சிருக்கே?"

பதில் இல்லை. தாங்கள் அதட்டவில்லை. பிளவின் பக்கம் திரும்பி, தங்கள் சட்டையின்மேல் விரல் வைத்து அந்த இடத்தைக் காட்டினீர்கள். அவர் ரவிக்கையை விலக்கி, அங்கே வைத்தார். நெடுநேரம் கேட்டீர்கள். "அக்குள் பக்கம் நகத்து" என்றீர்கள். பிறகு குழாயை அவரிடமே கொடுத்துக் கேட்கச் சொன்னீர்கள். ஊறல் தொட்டியிலிருந்து ஈரத்தோலை இழுப்பதுபோல், ஒவ்வொரு துடிப்போடும் ஒரு நீண்ட உராய்வு. இத்தனை நாளும் அது அங்கேயே கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

மஹ்பூபி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அப்பவே கேட்டிருந்தா வெலக்கியிருப்பேனே அக்கா."

அந்த ஒரு வாக்கியம் சவுரியம்மாளை இன்றும் விடவில்லை. காத்தது அவளுடைய வெட்கத்தை அல்ல, தன்னுடையதை என்று அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

"மன்னிச்சிடுங்க ஐயா" என்றார்.

"வெச்சது நீ. சரியா இருக்கான்னு பாக்காம மருந்து எழுதினது நானு" என்று, வெளியே காத்திருந்தவர்கள் காதில் விழும்படியே சொன்னீர்கள்.

மாமியாரிடம் திரும்பினீர்கள். "சோம்பல் இல்ல பீபி. சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கணும். அதுல இதயத்துக்குள்ள ஒரு கதவு கெட்டுப்போச்சு, சரியா சாத்தல. முன்னால போற ரத்தம் கொஞ்சம் பின்னாலயே வருது. அதையும் சேத்து மறுபடி தள்ளுது அவ நெஞ்சு. உங்க வூட்டுல ஜாஸ்தி வேலை செய்யறது அவதான்."

"அப்போ கொணமாயிடுமா?"

"கதவை மாத்த என்னால முடியாது. பாரத்தைக் கொறைக்கலாம்."

இதயத்துக்கு வலுவூட்டும் டிஜிடாலிஸ் சொட்டு மருந்து, உப்புக் குறைந்த சாப்பாடு, தலையணை உயர்த்திப் படுக்கை, குடம் தூக்கக்கூடாது என்ற கட்டளை. வீக்கம் வடிந்தது. வாஹித் பாஷா குடம் தூக்கப் பழகினார். வேறு இடம் பார்க்கும் பேச்சு நின்றது. அடுத்த வாரமே வைத்தியசாலைத் திரைக்குள் தங்கள் காதுக்குப் பதிலாகச் சவுரியம்மாளின் காதே கேட்கத் தொடங்கியது. கேட்கத் தாங்களே கற்றுக்கொடுத்தீர்கள்.

ஐயா! பிழையைப் பங்கிட்டுக்கொண்ட பெருந்தகையே! தாங்களும் தங்கள் துணைவியாரும் நோயற்று நீடு வாழ்க! தங்கள் மாலைப்பொழுதுகளை எந்த அழைப்பு மணியும் கலைக்காதிருக்கட்டும்!

இம்மடலை இச்சபையில் வாசிப்பவர் சவுரியம்மாள். பெண்கள் பகுதியில் நாற்காலியில் மஹ்பூபி அமர்ந்திருக்கிறாள். தாங்கள் இருமுறை கேட்ட கேள்விக்குத் தாம் சொல்லாமல் விட்ட பதிலைச் சவுரியம்மாள் இப்போது எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிறார்:

"இடது மார்புக்குக் கீழேங்க ஐயா."

இங்ஙனம்,
தங்கள் அன்பிற்குரிய
வைத்தியசாலை ஊழியர்கள்,
ஆம்பூர், 1936.